கயிறு பிடிப்பவள்

கொர்மே பாறைகளில் சபேலா இறங்கும்போது
மேலே கயிறு பிடிப்பவள் நான்.
பச்சை குத்த ஆள் தேடவும்
என்னையே கூட்டிப்போனாள்.

அவளுக்கு வேண்டியது கொட்டலசு.
புகைப்படம் போல அச்சு அசலாய் வேண்டாம்,
அதைத்தான் தினமும் பார்க்கிறேனே என்றாள்.
பழைய உயிரியல் புத்தகத்தில்
எவரோ மைக்கூட்டருகே இரவெல்லாம் உட்கார்ந்து
கோடு கோடாய், புள்ளி புள்ளியாய்
நிழல் ஏற்றியிருப்பார்களே, அப்படி.
கொஞ்சம் பொய்யும் கலந்து:
நகங்களுக்கு நடுவே ஒரு கண் இருந்தாலும் சரி.

லா கொருன்யாவில் முதல் கடை.
சுவரெல்லாம் மண்டையோடு, ரோஜா, ஓநாய்.
எல்லாமே குத்தியவுடன் எடுத்த படங்கள்,
வாஸ்லின் மினுக்கில் சிவந்து வீங்கிய தோல்.
"ஆறிய பின் எடுத்தது இருக்கா?"
அவன் போனைத் தள்ளினான், தள்ளினான்,
தள்ளிக்கொண்டே இருந்தான்.
நாங்கள் காப்பி குடிக்கப் போனோம்.

இரண்டாமவள் கை சுத்தம், கோடு சுத்தம்.
ஆனால் எதை வரைந்தாலும் பூவாகிவிடுகிறது.
நண்டுகூட அவளிடம் மலர்ந்தே இருந்தது.
சபேலா ரசித்தாள்,
முன்பணம் மட்டும் தரவில்லை.

மூன்றாவது, மீன் குளிர்கிடங்குக்கு மேல்மாடி.
பிரெய்ஷோ.
படத்தைப் பார்க்குமுன் கையைக் கேட்டான்.
முழங்கைக்குக் கீழே, போன பிப்ரவரியில்
பாறை கிழித்த தழும்பு.
கட்டைவிரலால் அதன்மேல் மெல்லப் போய்வந்தான்.
"இங்கே மை சரியாக நிற்காது, பரவும்.
மூட வேண்டாம், இதையே பாறையாக்கலாம்."
அவள் கொண்டுபோன படத்தில்
பாதிக் கோடுகளை அழித்தான்.
"பத்து வருஷத்தில் இவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்."
பிறகு கால்சட்டையைச் சுருட்டி
பதினேழு வயதில் தானே குத்திக்கொண்ட
நங்கூரத்தைக் காட்டினான்.
வளைந்த முள்கரண்டி மாதிரி இருந்தது.
மூவரும் சிரித்தோம்.

"இன்றைக்கே தொடங்கலாமா?"
"மாட்டேன். எப்போது கடலுக்குப் போகாமல் இருப்பாய்?"
கிறிஸ்துமஸுக்கு முன்
கிலோ விலை எகிறும் வாரங்கள்.
ஒரு நாள்கூட விட முடியாது.
"அப்படியானால் ஜனவரி.
ஆறாத கோடுகளை உப்புத்தண்ணீரில் நனைக்காதே."

படியிறங்கும்போது "எப்படி?" என்றாள்.
நான் அவன் விரல்களையே பார்த்திருந்தேன்.
அவள் மணிக்கட்டை
இறுக்கவும் இல்லை, விடவும் இல்லை.
பெரிய அலைக்குச் சற்று முன்பு
கயிறு எவ்வளவு தளர்ந்திருக்க வேண்டுமோ
அவ்வளவு.

அதைச் சொல்லவில்லை.
"விலை அதிகம்தான்" என்றேன்.
முன்பணத்தில் இருபது யூரோ குறைந்தது.
திரும்ப மாடியேறிப் போய்
நான் போட்டேன்.