மெல்லிய கம்பி

விதான சௌதாவின் நெற்றியில்
சீரியல் பல்பு கட்டியவன் நான்.
நவம்பர் ஒன்றுக்கு முந்தைய மூன்று இரவுகள்,
இடுப்பில் கயிறு, பல்லிடுக்கில் டெஸ்டர்,
கீழே ஏணியைப் பிடித்தபடி தம்பி ஜோசப்ராஜ்.
'அரசுப் பணி கடவுள் பணி' என்று
கன்னடத்தில் பொறித்த எழுத்துகளின் மேல்
புறா எச்சத்தைத் துடைத்துவிட்டு ஒயரை ஓட்டினேன்.
ஓர் எழுத்தின் வளைவுக்குள்
என் முழங்கை போய் வந்தது.

காவலுக்கு நின்ற ஏட்டு
எனக்கும் சேர்த்து டீ சொன்னார்.
அதே வாரம் ஸ்ரீராமபுரத்தில்
இரவு இரண்டு மணிக்கு என் கதவைத் தட்டியது
அவரில்லை.
அவர் போட்டிருந்த சட்டை.

பதினோரு வருஷமாய்த் தட்டுகிறார்கள்.
சிவாஜிநகர் மாதா தேரன்று ஒரு தள்ளுமுள்ளு.
அந்த வழக்கில் நான் விடுதலை.
ஸ்டேஷன் அலமாரியில்
'இக்னேஷியஸ் என்கிற கரண்ட்டு' என்று
போட்டோ ஒட்டிய தாளுக்குத்தான்
விடுதலை இல்லை.
தேர்தலா, தட்டு.
பந்த்தா, தட்டு.
காவிரித் தகராறா, இரண்டு தரம் தட்டு.
"இருக்கியா?"
இருக்கிறேன் என்று காட்ட
சட்டையை மாட்டிக்கொண்டு
தெருவிளக்கடியில் வந்து நிற்க வேண்டும்.
சந்து நெடுக ஜன்னல்கள் ஒவ்வொன்றாய் எரியும்,
நான் கட்டும் சீரியலைப் போலவே.

"கடவுள்கூட இந்நேரத்துக்குத் தட்டமாட்டார்"
என்பாள் பரிமளா, பாயைச் சுருட்டாமலே.

மனு போட்டோம்.
சாலைக்கு இந்தப் பக்கம் சாம்பல் கல் மாளிகை.
அந்தப் பக்கம் கோர்ட்டின் சிவப்புச் சுவர்.
நடுவே பஸ், ஆட்டோ, ஓர் இளநீர் வண்டி.
கடக்க இரண்டு நிமிஷம் போதும்.

இத்தனை வருஷம் ஏன் சும்மா இருந்தீர்கள் என்று
வராந்தாவில் கேட்டார் வக்கீல் நஜ்மா.
எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்:
"அடிக்கடி ஃப்யூஸ் போகிறதென்று சில வீடுகளில்
கட்டைக்குள் தடித்த கம்பியைச் சுற்றிவிடுவார்கள், மேடம்.
அப்புறம் விளக்கு அணையவே அணையாது.
ஒருநாள் வீடுதான் எரியும்."
சிரித்தார். கட்டின் ஓரத்தில் குறித்துக்கொண்டார்.
உள்ளே போய் அதைச் சொல்லவில்லை.

பன்னிரண்டேகாலுக்கு எங்கள் முறை.
"ராத்திரியில் போய் எழுப்பலாமென்று
எங்கே எழுதியிருக்கிறது?"
"பொது அமைதியை முன்னிட்டு, மை லார்ட்…"
"அது காரணம். நான் கேட்டது சட்டம்.
எந்தப் பிரிவு?"
அரசு வக்கீல் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார்.
இன்ஸ்பெக்டர் ரைட்டரைப் பார்த்தார்.
ரைட்டர் கட்டைப் பார்த்தார்.
கட்டுக்குப் பார்க்க ஆளில்லை.

மேலே மின்விசிறி டக்டக்கென்றது
(கெபாசிட்டர் போய்விட்டது, யாரும் கவனிக்கவில்லை).
லத்தி, ஜீப், முத்திரை, சம்பளப் பட்டியல் சகிதம்
ஒரு மாநிலமே எழுந்து நின்று
இல்லாத ஒரு வரியைத்
தேடிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.
அரை நிமிஷம் இருக்கும்.

தாளைக் கிழிக்கச் சொல்லவில்லை, மூடச் சொன்னார்கள்.
இரவில் வரக் கூடாது என்றார்கள்.
மன்னிப்பு இல்லை, நஷ்ட ஈடு இல்லை.
பரிமளாவின் வளையல்
இன்னும் சேட்டு கடையில்தான்.

இப்போதும் இரண்டு மணிக்கு விழிப்பு வருகிறது.
யாரும் தட்டுவதில்லை.
கை தானாகச் சட்டையைத் தேடும்.
நேற்று அப்படி எழுந்தபோது
ஷெரினின் கதவுக்கடியில் நீல வெளிச்சம்,
யாரிடமோ தணிந்த பேச்சு.
பத்தொன்பது வயசு.
தட்டினேன்.
"யாருகிட்ட பேசற? போனைக் கொண்டா."

உள்ளே பேச்சு நின்றது.
பிறகு, நிதானமாக:
"எந்தப் பிரிவுப்பா?"

இருட்டில் பரிமளா சிரிப்பது கேட்டது.
மறுபடி தட்ட ஓங்கிய கை
அந்தரத்தில் நின்றது.
மடங்கிய விரல் முட்டிகள்
யாருடையவையோ போலிருந்தன.
கதவுக்கு இந்தப் பக்கத்தில்
இதற்குமுன் நான் நின்றதே இல்லை.

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.
பேச்சு மறுபடி தொடங்க
கொஞ்ச நேரம் பிடித்தது.