வான் மட்டம்

வான்கதவுக்குப் பக்கத்தில்
வெள்ளைப் பலகை, கறுப்பில் அடிக்கணக்கு.
விடிய ஆறுக்கு ஒன்று, பின்னேரம் ஆறுக்கு ஒன்று,
பதினாலு வருசமாக வாசிக்கிறேன்.
முப்பத்திமூன்றில் வான் பாயும்.
அதற்கு முதல் நான் போன் எடுக்க வேண்டும்:
எஞ்சினியருக்கு, மறுகா
கீழ் வட்டையில் வாடி போட்டுக் கிடக்கிற ஆட்களுக்கு.

வெட்டி எடுத்த கட்டிக்குக்
கொழும்பிலிருந்து கடதாசி வந்தது.
ஈஆர் இல்லை. பீஆர் இல்லை.
ஹேர்-டூ, மூன்று பிளஸ்.
பள்ளிக்கூடத்தில் எனக்கு
ஒரு பிளஸ்கூட ஒருத்தரும் போட்டதில்லை.
"கலத்தின் தோலில நிக்கிற கொடி அது,
கனக்க நிண்டா வேகம் கூட" என்றார் டொக்டர் சுகிர்தராஜன்.
"ஆனா அந்தக் கொடியப் பாத்துத்தான் ஊசியும் போய்க் குத்தும்."
ஊசி வந்தது.
இரண்டு மாதம் வராமலும் இருந்தது.

இப்போது மூன்று மாதத்துக்கு ஒருக்கா
ஆயித்தியமலை பஸ் ஏறி, வலையிறவுப் பாலம் தாண்டி,
மட்டக்களப்பில் ஒரு குழாய் இரத்தம்.
சீஏ பதினைந்து-மூன்று என்று அதற்குப் பெயர்.
இருபத்திநாலு.
இருபத்தாறு.
இருபத்திநாலு (அன்றைக்குக் கச்சான் வாங்கித் தின்றுகொண்டே வந்தேன்).
முப்பத்தெட்டு.

"ஒரு எண்ண வைச்சு ஒண்டும் சொல்லேலாது.
ஈரலில வருத்தம் எண்டாலும் ஏறும்.
போக்கத்தான் பாக்கணும்."

எனக்கா சொல்கிறார்?
மட்டம் ஏறினால்
மேலே எங்கோ மழை பெய்திருக்கிறது, அவ்வளவுதான்.
எந்தக் காட்டில், எவ்வளவு நேரம்,
இன்னும் பெய்கிறதா,
பலகைக்குத் தெரியாது.
அதற்காகப் பலகையைப் பார்க்காமல் படுத்தவளும் இல்லை நான்.

என் கீழ் வட்டையில் ஒருத்திதான்.
மகள் துஷாந்தி, ஏ.எல். எழுதுகிறாள்.
எத்தனையாவது அடியில் அவளுக்குப் போன் எடுப்பது?

பங்குனி வெயில். ஒரு மாதமாகத் துளி இல்லை.
விடியப் புத்தகத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தேன்.
ஒன்பது மணிக்குக் கந்தோரிலிருந்து சுபத்திரா:
"என்னகா தேவமலர், முப்பத்தெட்டு எண்டு போட்டிருக்காய்?
குளக்கட்டே முப்பத்தாறுதானேகா!"

விரித்துப் பார்த்தேன். என் கையெழுத்துத்தான்.
குளத்தில் கிடந்தது பத்தொன்பது அடி.
சிவப்புப் பேனையால் ஒற்றைக் கோடு,
பக்கத்தில் சரியான எண்.
சுரண்டக்கூடாது, வெட்டியது தெரிய வேண்டும்,
அது திணைக்களச் சட்டம்.
கீழே சின்னதாய் ஓர் ஒப்பம்.

"பிழையாப் போட்டிட்டன்" என்றேன்.

"தண்ணி ஒண்டும் வரல்லயே?"

"இஞ்ச வரல்ல."