ஈயக்கால்

கடற்கரையில் இதை ஏரா என்பார்களாம்.
காவேரிப்பட்டினத்தில் அந்தச் சொல்லுக்கு
இதுவரை வேலை வந்ததில்லை.
ஈயக்கால் என்றான் திம்மராயன்,
கருங்கல் பலகைகளுக்குச் சட்டம் அடிக்கிறவன்.
அவன் அடித்த சட்டங்கள் கப்பலேறிப் போயிருக்கின்றன.
அவன் சேலம் வரை போயிருக்கிறான்.

பதினொன்றரை அடிப் படகு.
மாங்கூழ் ஆலையின் எடைமேடைக்குப் பின்னால்
தகரக் கொட்டகையில் கவிழ்ந்து கிடந்தது, விலா விலாவாக.
லாரி வராத நேரத்தில் உப்புத்தாள் தேய்ப்பேன்.
ஹாரன் கேட்டால் உள்ளே ஓடி
மொத்த எடை, வெற்று எடை, நிகர எடை
சீட்டுக் கிழித்துக் கொடுப்பேன், விரலெல்லாம் மரத்தூளாக.
எதுக்கும்மா இது, என்பார்கள் ஓட்டுநர்கள்.
ஒருவரிடம் அணைக்கு என்றேன், சிரித்தார்.
ஒருவரிடம் மாட்டுத்தொட்டி என்றேன். அவர் நம்பினார்.

ஈயம் தஸ்தகீர் பாய் கொடுத்தது.
சுங்கச்சாவடிக்கு இந்தப் பக்கம் டயர் கடை.
சக்கரம் உதறாமலிருக்க விளிம்பில் மாட்டும் கட்டிகள்,
இருபது கிராம், முப்பது கிராம்,
கழற்றிக் கழற்றி பெயிண்ட் டப்பாக்களில் நான்கு வருஷம்.
குறடால் கடித்துப் பார், என்றார்.
பல் பதிந்தால் ஈயம்.
பதியாவிட்டால் துத்தநாகம், தூக்கி எறி.
பொங்கல் விடுமுறை முழுக்கக் கடித்தோம்.

குழிக்குள் சிமெண்டு அச்சு.
அதில் ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும்
ஊற்றிய ஈயம் முகத்துக்கே திரும்பி வரும்.
பிள்ளை பெற்றவளுக்குச் சட்டியில் நெருப்பு வைப்பதுபோல
மூன்று நாள் கரி மூட்டிக் காயவைத்தோம்.
கொப்பரையில் எல்லாம் இளகிக்
கண்ணாடியாக நின்றபோது பார்த்தேன்:
கட்டிகளோடு வந்த இரும்புக் கொக்கிகள்
அத்தனையும் மேலே மிதந்தன.
பாய், இரும்பு மிதக்குது!
முகமூடிக்குள்ளிருந்து அவர் ஏதோ சொன்னார்.
ஜல்லிக்கரண்டியால் அரித்து எடுத்தேன்,
எண்ணெயிலிருந்து அப்பளம் எடுப்பதுபோல.

முதல் வார்ப்பு தோற்றது.
பாதியில் விறகு தீர்ந்து,
மறுபாதி ஊற்றுவதற்குள் முதல் பாதி ஆறிப்போனது.
ஒன்றின்மேல் ஒன்று படுத்திருந்தன, ஒட்டவில்லை.
சம்மட்டியால் பிரித்தான் திம்மராயன்.
என் கல்யாணத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தவன்,
ஒன்றும் சொல்லவில்லை.
ஈயத்துக்கு ரோஷம் கிடையாது. மறுபடி உருகியது.

ஆறியதும் எடைமேடையில் கிடத்தினேன். எழுபது.
பத்துக் கிலோவுக்குக் குறைந்தது எதுவும்
என் மேடைக்குத் தெரியாது.
அறுபத்தாறாக இருக்கலாம், எழுபத்துநாலாக இருக்கலாம்.
அந்தச் சந்தேகத்தையும் சேர்த்து
ஆறு போல்ட் போட்டு முறுக்கினோம்.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்குமாம்.
நாங்கள் அம்மியைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டோம்.
ஞாயிறு மட்டும்தான், என்றார்
அணைக் காவலர் முனிரத்தினம்,
சொல்லிவிட்டு அவரும் வந்து நின்றார்.

பாய்மர நுனியில் கயிறு கட்டி இழுத்தோம்,
நுனி தண்ணீரைத் தொடும் வரை.
படகு பக்கவாட்டில் படுத்தது.
ஈயக்கால் வெளியே தெரிந்தது,
சாம்பல் நிறத்தில், கூச்சத்தோடு.
விடு, என்றேன்.
திம்மராயன் விட்டான்.

ஒன்றும் நடக்கவில்லை.
ஒரு கொக்கு இடம் மாறி நின்றது.
பிறகு, அவசரமே இல்லாமல்,
குளித்தவள் தலையைத் தூக்கி முடியை உதறுவதுபோல
எழுந்தது. அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்து
இந்தப் பக்கம் கொஞ்சம் யோசித்து
நின்றது.
தஸ்தகீர் பாய் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்,
எதற்கென்று தெரியவில்லை.

மூன்றாவது போல்ட்டில் கசிகிறது.
நீலத் தார்ப்பாயில் தைத்த பாய்
என் முழங்கையை இழுக்கிறது.
ஒரு கையில் கயிறு, ஒரு கையில் மாங்கூழ் டின்.
காற்று திரும்பும்போது மட்டும் நெடுஞ்சாலை கேட்கிறது.
நாளை ஏழு மணிக்கு முதல் வண்டி.
மொண்டு ஊற்றுகிறேன்.
இன்னும் மூன்று டின் இருக்கும்.