ஆறு மணித்தியாலம்

போத்தலில் துண்டு ஒட்டி எழுதினேன்:
நெடுந்தீவு, மேற்குக் கிணறு, காலை 5.50.
ஐஸ்பெட்டிக்குள் வைத்த கணமே
தண்ணீருக்கு வயது ஏறத் தொடங்கும்.
ஆறு மணித்தியாலத்துக்குள் யாழ்ப்பாணம் சேரவேண்டும்,
சேராவிட்டால் அது எந்தக் கிணற்றுக்கும் சாட்சியில்லை.

ஏழு மணி லோஞ்சு எட்டேகாலுக்கு வெளிக்கிட்டது.
சோழகம்.
என்ஜினடியில் இரண்டு ஆடுகள், வெறும் கேஸ் சிலிண்டர்,
மடியில் என் பெட்டி.
"மீனோ தம்பி?"
"தண்ணி."
"ஏன், யாழ்ப்பாணத்தில தண்ணி முடிஞ்சுதோ?"
சிரித்து முடியுமுன்
ஓர் அலை வந்து எல்லாரையும் நனைத்தது.

குறிகட்டுவானில் பஸ் போய்விட்டிருந்தது.
அடுத்தது இப்ப வரும் என்றான் கச்சான்காரன்,
அவனுடைய 'இப்ப' நாற்பது நிமிஷம்.
புங்குடுதீவு. வேலணை.
பண்ணைப் பாலத்தில் குறுக்கே நின்ற லொறிக்கு
முன்சில்லு இல்லை.

12.25.
ஆய்வுகூடத்தில் தர்மினி
சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை.
முப்பத்தைந்து நிமிஷம், என்றாள்.
மூடியைத் திருகித் தொட்டிக்குள் ஊற்றினாள்.
கடலும் முப்பத்துச் சொச்சம் கிலோமீற்றர் ரோட்டும் கடந்த தண்ணீர்
ஒரு மடக்குச் சத்தத்தோடு போனது.
முடிவு: சொல்ல இயலாது.
நாலாவது மாதமாக அதே வசனம், அதே நீல மை.

மறுநாள் கிணற்றடியில்
செபஸ்தியம்மா கயிற்றை இழுத்தபடி கேட்டாள்,
"எங்கட தண்ணி என்னவாம்?"
"பிந்தீட்டுதாம்."
"தண்ணியோ?"
வாளி மேலே வந்தது.
வெயிலாயிருக்கு, இந்தா, என்று
செம்பை நீட்டினாள்.

குடித்தேன்.