நாலாம் நாள் நிறம்

முதல் நாள் துணியில் நீ வைத்திருந்தது
வத்தையின் அடிக்குக் காய்ச்சிப் பூசும் தார்.
பதறிக் கூப்பிட்டேன்.
நர்ஸ் முனீஸ்வரி எட்டிப் பார்த்து
'காட்டுப்பீதான், போகட்டும்.
சுண்ணாம்பா வெளுத்துப் போனா மட்டும் ஓடி வாங்க' என்றாள்.

கருப்பு, பிறகு பாசிப் பச்சை, பிறகு மஞ்சள்.
டீசல் கணக்கு நோட்டின் கடைசித் தாளில்
எழுதி வைத்துக்கொண்டேன்.
மூன்றாம் நாள் டோக்கன்.
படகுக்காரர் பொறுக்கமாட்டார், ஏறினேன்.

ஆறு பாகத்துக்கு மேல் செல்போன் செத்துவிடும்.
வயர்லெஸ்ஸில் விடிய விடிய
நீரோட்டம், காற்று, யார் வலை அறுந்தது.
கரைக்குக் கிட்டே நின்ற ரொசாரிதான்
உன் அம்மாவைப் போனில் பிடித்து
கடலுக்கே சொன்னான்:
'கிளாட்வின், ஜெனோவா சொல்லச் சொன்னுச்சு.
ராத்திரியிலேர்ந்து நாலு தடவை.
மஞ்சள். மஞ்சளாம்.
தண்ணியா, உள்ளே விதை விதையா.'

கொஞ்ச நேரம் இரைச்சல்.
அப்புறம் எந்தப் படகிலிருந்தோ:
'விதை இருந்தா தாய்ப்பால் சேருதுண்ணே.
எனக்கு மூணு பிள்ளை.'
இன்னொரு குரல்:
'எம் மவ குடிக்கக் குடிக்கப் போவா.
ரெண்டு மாசத்துல நாலு நாளைக்கு ஒருக்கான்னு ஆச்சு.
முக்குவா, மூஞ்சி செவந்துரும்,
வர்றது களி மாதிரி இளக்கந்தான்.'
மீனை மறந்து
பாக் நீரிணை பேசிக்கொண்டிருந்தது.

தங்கச்சிமடம் ஜெட்டியில்
கயிறு கட்டும் முன்பே வியாபாரி கேட்டார்,
'பாடு எப்படி?'
'மஞ்சள்' என்றேன்.

வீட்டில், 'காரல் நாத்தம், கை கழுவிட்டுத் தொடு.'
கழுவினேன்.
தூக்கினேன்.
உள்ளங்கையில்
வெதுவெதுப்பாக
ஐந்தாவது.