ஊமைக் குழாய்

கோட்டையூர் ஊரணி
மூன்று நாள் மழைக்குப் பின்
செங்கல்லைக் கரைத்தது போலக் கிடந்தது.
சேவுகன் வலையை உதறினார்.
ஏழு கெண்டை.
கண் எனக்கு,
மீதி அவர் வீட்டுப் பூனைக்கு.
இதுதான் ஒப்பந்தம்.

பெண்ணின் கண்ணுக்குக் கெண்டை என்று
எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள்.
கெண்டையின் கண்ணுக்கு என்ன தெரியும் என்று
ஒருவரும் கேட்கவில்லை.
இந்தச் செம்மண் கலங்கலில்
நீலம் ஒரு முழம்கூட இறங்காது.
சிவப்புதான் கொஞ்சமாவது உள்ளே போகும்.
அப்படியானால்
சிவப்பைப் பிடிக்கும் ஆப்சின் மரபணு
இந்தக் கண்ணில் விழித்திருக்க வேண்டும்.
வேண்டும் என்பது வேறு,
இருக்கிறது என்பது வேறு.

அதற்குத்தான் இந்த ஆர்.என்.ஏ. இழை.
விரல் பட்டால் செத்துப்போகும்.
எச்சில் தெறித்தால் செத்துப்போகும்.
நானும் நஸ்ரினும் முகக்கவசத்துக்குள்
இரண்டு மணி நேரம் பேசவே இல்லை.
முனைவர் பட்டத்தைவிடப் பெரிய சாதனை
அதுதான் என்பாள் அவள்.

முப்பத்தேழு டிகிரி.
வைரஸ் ஒன்றின் நொதி
எழுத்தெழுத்தாகக் கோக்கிறது:
ஏ என்றால் யூ, ஜி என்றால் சி.
சில யூக்களின் முதுகில் மட்டும்
ஒரு சிறு மூட்டை.
காரைக்குடி வெயிலில் ஒரு நாள் தாங்காத
ஏதோ குளிர்நாட்டுப் பூச்செடியின் சத்து.
அந்த மூட்டையை மோப்பம் பிடிக்க
எங்கோ ஓர் ஆட்டின் இரத்தத்தில் விளைந்த
எதிர்ப்பொருள்.
ஒரு கெண்டையிடம் ஒரு கேள்வி கேட்க
எத்தனை பேரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது!

குழாய் இரண்டு.
ஒன்று எதிரிழை. கண்ணுக்குள் போய்த்
தன் இணையைத் தேடி ஒட்டும்.
மற்றது நேரிழை. கண் சொன்ன சொல்லையே
திருப்பிச் சொல்லும், ஒட்டாது.
ஒட்டவும் கூடாது.
அதன் மூடியில் நீல மார்க்கரால்
'ஊமை' என்று எழுதினேன்.

இரவு இரண்டேகாலுக்குக் கரண்ட் போனது.
ஜெனரேட்டர் ஃப்ரீசருக்கும்
துணைவேந்தர் அறைக்கும் மட்டும்.
தெர்மோகோல் பெட்டியில் வெந்நீர் ஊற்றி
விடியும்வரை வில்லைகளை
அடைகாத்தோம்.

மறுநாள்
கழுவி, கழுவி, மறுபடி கழுவி,
சாயம் ஊற்றி
அலுமினியத் தாளில் சுற்றி வைத்தோம்.
ஒரு மணி நேரம். எதிரிழையில் ஒன்றுமில்லை.
மூன்று மணி நேரம். ஒன்றுமில்லை.
நஸ்ரின் மின்வாரியத்தைத் திட்டினாள்.
நான் என் கைகளைச் சந்தேகப்பட்டேன்.
எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் என்று
கடைசியில் ஊமையைப் பிரித்தேன்.

விழித்திரை ஓரம்
கூம்பு கூம்பாக ஊதா.
மை சிந்திய கறை இல்லை அது;
சீப்பின் பற்களாய் நெருங்கிய வரிசை.

ஊமைதான் பேசியிருக்கிறது.

வரிசையாக்கத் தாளை மறுபடி விரித்தேன்.
அம்புக்குறி இடப்பக்கம் பார்க்கிறது.
நான் வலம் என்று படித்திருக்கிறேன்.
மரபணு தலைகீழாகப் புகுந்திருக்கிறது,
எங்களிடம் ஒரு வார்த்தை கேளாமல்.
நஸ்ரின் கவசத்தைக் கழற்றிவிட்டுச் சிரித்தாள்,
எச்சில் தெறிக்கத் தெறிக்க.
இனி அதற்குப் பயப்பட வேண்டியதில்லை.
குறிப்பேட்டில் பழைய பெயரை
நான் அடிக்கவில்லை.

சனிக்கிழமை ஊரணிக் கரையில்
சேவுகனிடம் விஷயத்தைச் சொன்னேன்.
மீன் சிவப்பைப் பார்க்கக்கூடும்,
அநேகமாக, என்றேன்.
தோளில் கிடந்த சிவப்புத் துண்டை
மெல்ல எடுத்து மடித்தார்.

"அப்ப இத்தனை வருசமா
நான் வர்றதப் பாத்துக்கிட்டேவா
இருந்துச்சுக?"