பால்காரி

கொய்வேக்கோ என்று ஒரு நதியின் பேர்
முகப்பில் வெள்ளையில் எழுதியிருந்தது.
யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.
தால்காவானோ துறையில் எல்லாருக்கும் அவள்
லெச்சேரா. பால்காரி.
நிரப்பிக்கொண்டு போவாள், வீடு வீடாய் ஊற்றுவாள்,
வெறுங்குடத்தோடு திரும்புவாள்.
அந்த வீடுகள் எல்லாம் சாம்பல் நிறம்,
வாசலுக்கு வாசல் பீரங்கி.

இவளிடம் இருந்தது பழைய இயந்திரத் துப்பாக்கி ஒன்று.
அதன் உறைக்குள்
சமையல்காரன் அம்புவேரோ பூண்டு காயப்போடுவான்.

நான் பம்ப்காரன், எலெயுத்தேரியோ பாரியா.
பத்தொன்பது வருஷம் அவள் வயிற்றில் வால்வு திருகினேன்.
கொடுப்பது எப்படி என்று கேட்டால் இதுதான் தெரியும்:
இரண்டு கப்பல், நாற்பது மீட்டர் இடைவெளி,
ஒரே திசை, ஒரே வேகம், நடுவே கறுப்புக் குழாய்.
நின்று கொடுக்க முடியாது,
நின்றால் கடல் இரண்டையும் முட்டவிடும்.
ஓடிக்கொண்டே கொடுக்க வேண்டும்,
வாங்குகிறவன் முகத்தைப் பார்க்காமல்
தன் திசைகாட்டியைப் பார்த்துக்கொண்டு.
கொடுக்கக் கொடுக்க அவள் எழும்புவாள்.
நீருக்குள் இருந்த சிவப்பு
விரற்கடை விரற்கடையாய் வெளியே வரும்.

ஒருமுறை பேனாஸ் வளைகுடாவில் குழாய் வெடித்தது.
அந்தப் பக்கம் வெள்ளைச் சீருடையில்
கையைப் பின்னால் கட்டி நின்ற தளபதிமேல்
டீசல் மழை, ஒன்றரை நிமிஷம்.
நாலு பக்கப் புகார் வந்தது.
கழிவறைக் கதவில் ஒட்டி வைத்தோம்,
போகிற வருகிறவன் எல்லாம் படித்தான்.

நிலநடுக்கம் வந்த வருஷம்
கலேத்தா ரெமோலினோவில் குடிநீர் இறக்கினோம்.
கடல் ஊருக்குள் வந்து போயிருந்தது.
வாளி, பால் கேன், குழந்தைத் தொட்டி,
சவப்பெட்டிக் கடைக்காரர் கொண்டுவந்தது என்னவென்று சொல்லமாட்டேன்.
ஒருத்தி கால்பந்துக் கோப்பையோடு நின்றாள்,
வீட்டில் மிஞ்சிய பாத்திரம் அதுதானாம்.
இரண்டு காதும் பிடித்துத் தூக்கிக் குடித்தாள்.
யாரோ கைதட்டினார்கள்.
பதிவேட்டில்: நன்னீர், இருநூற்று எழுபது டன்.

நிறைகுடம் தளும்பாது.
அரைக்குடம் ஆளைக் கொல்லும்.

தெற்கே பனிக்கடலிலிருந்து திரும்பும்போது
தொட்டிகள் எல்லாம் பாதி.
வெளியே ஒரு புயல், உள்ளே நாலாயிரம் டன் இன்னொரு புயல்.
வலப்பக்கம் சாய்ந்தவள் நிமிர யோசித்தாள்.
எண்ணெயை இடப்பக்கம் மாற்றியாக வேண்டும்.
அந்தக் காவல் நேரம் என்னுடையது.
எனக்குப் பல்வலி.
செகுந்தோ ஒயார்சூன், வயது இருபத்து நாலு,
'நான் போறேன், நீ உப்புத்தண்ணி கொப்புளி' என்று
ஏணியில் இறங்கினான்.
அரைமணியில் கப்பல் நிமிர்ந்தது. எல்லாரும் மூச்சு விட்டோம்.
அவன் ஏறி வரவில்லை.
பம்ப் அறையில் எங்கோ ஒரு கசிவு, ஆவி, அவ்வளவுதான்.
விசாரணையில் எழுதினார்கள்: வழக்கமான பணியின்போது.
பல்லைப் பற்றி யாரும் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

மூன்றாவது இரும்புச் சட்டத்தில்
மெழுகுப் பென்சிலால் அவன் குறித்த அளவுகள்:
இடது நாலு, இரண்டு பத்து.
வலது நாலு, ஒன்று தொண்ணூறு.
அதற்குக் கீழே ஒரு கோடு, கூட்டல் தொடங்கி, இல்லை.

வருஷா வருஷம் பச்சை வண்ணம் அடிப்பார்கள்.
வருஷா வருஷம் அந்தச் சட்டத்தை
நானே அடிக்கிறேன் என்று தூரிகையை வாங்கிக்கொள்வேன்.

விற்றுவிட்டார்கள். துருக்கியில் உடைக்கும் இடம்.
மே மாதம் இழுவைப் படகின் பின்னால் போனாள்,
சொட்டு எண்ணெய் இல்லாமல், வயிற்றுச் சிவப்பு முழுக்கத் தெரிய.
அப்படி உயரமாய் அவளை நான் பார்த்ததே இல்லை.
கொஞ்சமும் தளும்பவில்லை.

அதற்கு முந்தின வாரம் வாங்குபவரின் ஆள் வந்தார்.
டார்ச்சை அங்கே நிறுத்தி,
இந்த உள்ளங்கை அகலம் மட்டும்
ஏன் பழைய வண்ணம் என்று கேட்டார்.
துருச் சோதனைக்கு விட்டது ஐயா என்றேன்.
குனிந்து விரலால் தடவிப் பார்த்தார்.
எழுதிக்கொண்டார்:
சோதனைப் பகுதி ஒன்று. துரு இல்லை.